சகலனின் சுரைக்காய்

ஒரு மனிதன் முழு மனதோடு, முழு நேரமும் பொறாமைப்பட வேண்டுமென்றால் அவனுக்கு ஒரு சகலன் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாளியைப் பார்த்துப் பொறாமைப்பட முடியாது. அவர் வேறு உலகத்தில் வசிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பொறாமைப்படலாம்தான். ஆனால் அவர் திடீரென்று வீட்டை விற்றுவிட்டு ஒஷாவாவுக்குப் போய்விட்டால் அத்தனை வருடப் பொறாமையும் வீண். சகலன் எங்கேயும் போகமாட்டார். மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஒரே மாமியார், ஒரே பிறந்தநாள் விழாக்கள், ஒரே குடும்பப் படம். அந்தப் படத்தில் நம்மை அவருக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

என் சகலனின் பெயர் குகன். நான் குகண்ணை என்று கூப்பிடுவேன். அவர் கெட்டவர் அல்ல, அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் ‘வெறுப்பு’ என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சுப்பர்மார்க்கெட் ஒன்றில் பாண் சுடும் பேக்கரிப் பகுதியில் அவருக்கு அதிகாலை வேலை. மத்தியானம் வீடு திரும்பிவிடுவார். குரலை உயர்த்திப் பேசமாட்டார். யாராவது பனியில் சறுக்கி விழுந்தால் முதலில் தூக்குவார், பிறகுதான் விழுந்தது யாரென்று பார்ப்பார். இப்படிப்பட்ட ஒருவர்மீது பொறாமைப்படுவது மிகவும் களைப்பான வேலை. நான் அதைப் பல வருடங்களாக ஒருநாள் விடாமல் செய்துவந்தேன்.

அந்தப் பொறாமை தோட்டத்துக்குள் புகுந்தது மாமியின், அதாவது எங்கள் மாமியாரின், எழுபதாவது பிறந்தநாளன்று. நான் பிறம்ரனில் ஒரு கிடங்கில் சுப்பர்வைசர். அங்கே ஒரு கடையில் முன்கூட்டியே சொல்லி, மேலே மாமியின் படம் பதித்த இரண்டு தட்டுக் கேக் ஒன்று செய்வித்தேன். நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம், காரின் குளிர்காற்றை முழுவதும் கேக்கின் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டு ஸ்காபரோ வந்து சேர்ந்தேன். (நான் வியர்வையில் குளித்துவிட்டேன், மாமியின் முகம் ஒரு சொட்டும் உருகவில்லை.) குகண்ணை ஒரு பழைய பிளாஸ்ரிக் பையோடு வந்தார். உள்ளே அவருடைய தோட்டத்துப் பயற்றங்காய்.

மாமி பையைத் திறந்து மூக்கருகே பிடித்தார். கண்ணை மூடினார்.

“குகன், இது உம்மட தோட்டத்தையே?”

“ஓம் மாமி. காலமைதான் புடுங்கினனான்.”

“என்ர ராசா!”

எனக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு வருடம். மாமி என்னை ஒருநாளும் ராசா என்று சொன்னதில்லை. நான் கேக் பெட்டியோடு நிற்பதைக் கண்டு, “சுதன், நீங்களும் என்னவோ கொண்டுவந்தனீங்கள் என்ன?” என்றார். அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிடி பயற்றங்காய் கொண்டுபோனார்கள். கேக் மூன்று நாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து, திறக்கும்போதெல்லாம் மாமியின் முகத்தோடு என்னைப் பார்த்தது. கடைசியில் மாமியின் இடது காதை நான்தான் சாப்பிட்டேன்.

அடுத்த நாளே தோட்டத் துண்டு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். ஸ்காபரோவில், உயர்மின் கம்பிகளுக்குக் கீழே வீடு கட்ட முடியாத நீண்ட வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, விரும்பியவர்களுக்குக் கோடைகாலத்துக்குக் கொடுப்பார்கள். தமிழர், போர்த்துக்கீசர், சீனர், கரிபியன்காரர் என்று எல்லாரும் அங்கே குனிந்தபடி இருப்பார்கள். இரண்டு வருடம் காத்திருந்த பிறகு எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? குகண்ணையின் துண்டுக்கு நேர் பக்கத்தில். இடையில் முழங்கால் உயரத்தில் ஒரு கம்பிவலை.

“நல்லதாப் போச்சு தம்பி,” என்றார் குகண்ணை உண்மையான சந்தோஷத்தோடு. “கண்டு நான் தாறன். ஒண்டும் யோசியாதையும்.”

தன் வீட்டு யன்னலோரம் முளைக்கவைத்த கன்றுகளைத் தட்டோடு கொண்டுவந்து, “பாதி உமக்கு, பாதி எனக்கு” என்று பிரித்துத் தந்தார். அதாவது ஒரே விதை, ஒரே தட்டு, ஒரே மண், ஒரே வெயில். பிற்காலத்தில் சொல்வதற்கு எனக்கு ஒரு சாட்டும் மிஞ்சாமல் செய்துவிட்டார்.

ஜூலை மாதம் அவருடைய பந்தலில் புடலங்காய்கள் தொங்கின. கத்தரிச் செடிகள் காய்ப் பாரத்தில் சரிந்து, தடி ஊன்றித் தூக்கிவிட வேண்டியிருந்தது. என் கத்தரி பூத்தது; பூ விழுந்தது. மறுபடி பூத்தது, அதுவும் விழுந்தது. என் கீரையைக் கிரவுண்ட்ஹொக் என்கிற, பூனையைவிடக் குண்டான ஒரு பிராணி தின்றுவிட்டது. அதன் வளை இருந்த பக்கத்திலிருந்து என் பாத்திக்கு வருவதென்றால் குகண்ணையின் கீரையைத் தாண்டித்தான் வரவேண்டும். அவருடையதில் ஓர் இலைகூடக் குறையவில்லை. மரியாதையாகச் சுற்றிப் போயிருக்கிறது!

“தம்பி, நீர் தண்ணி கூட விடுறீர் போல கிடக்கு,” என்றார் ஒருநாள். “அதுகளுக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் குடும்.”

உண்மை அதுதான். ஆனால் காரணம் அவருக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அவருடைய புடலங்காய்களை எண்ணுவேன். எண்ணி முடியும்வரை குழாய் ஓடும். அவருக்குக் காய் கூடக் கூட என் பாத்தியில் வெள்ளம் கூடியது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் என் கத்தரிகள் சதுப்பு நிலத்தில் நின்றன.

எல்லாவற்றிலும் என் வயிற்றை அதிகம் எரித்தது ஒரு சுரைக்காய். அவருடைய துண்டின் மூலையில், வைக்கோல் பரப்பி அதன்மேல் தனியாகக் கிடத்தியிருந்தார். மற்றச் சுரைக்காய்களை எல்லாம் பிஞ்சிலேயே பிடுங்கிக் கறிக்கு எடுத்தார். இதை மட்டும் தொடவில்லை. அது நாளுக்கு நாள் நீண்டது, பருத்தது. செப்டெம்பர் பிறந்தபோது என் காலின் நீளத்துக்கு வந்துவிட்டது. வெளிறிய பச்சை நிறத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருக்கும் ஒரு பணக்காரரைப் போலக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

செப்டெம்பரில் காலைகள் குளிரத் தொடங்கின. தோட்டத்து வாசலில் அறுவடை விழா என்று அறிவிப்பு ஒட்டினார்கள். சனிக்கிழமை, எல்லாரும் தங்கள் காய்களை மேசையில் வைக்கலாம், சிறந்த காய்க்கு நீல நாடாவும் ஒரு பூவாளியும் பரிசு.

“அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவம்,” என்றாள் என் மனைவி வாணி. “அத்தான்ர மரக்கறியளப் பாக்க ஆசைப்படுவா.”

“என்ர மரக்கறியளை?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பாவம், நல்ல மனசு. “உங்கட அந்த மூண்டு மிளகாயையும் வைக்கலாமப்பா.”

அந்த வாரம்தான் குகண்ணையின் தமக்கைக்கு ஒஷாவாவில் முழங்கால் சத்திரசிகிச்சை. உதவிக்கு ஒரு கிழமை போய் நிற்க வேண்டும், விழாவுக்கு வருவது சந்தேகம் என்றார். தோட்டத்தை என்னிடம் ஒப்படைத்தார்.

“காய்க்கிறதை எல்லாம் புடுங்கி எடும் தம்பி, முத்த விடாதையும். அந்த மூலையில கிடக்கிற சுரக்காயை மட்டும் கொஞ்சம் பாத்துக்கொள்ளும். அது ஏனெண்டால்...”

கைத்தொலைபேசி அடித்தது. தமக்கை. பேசிக்கொண்டே தன் வெள்ளை வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஆறு நாள் அந்தச் சுரைக்காயைப் பார்த்துக்கொண்டேன். சொன்னபடியே பார்த்துக்கொண்டேன். பார்க்கப் பார்க்க அவர் சொன்ன வசனம் என் மூளைக்குள் உருமாறியது. ‘காய்க்கிறதை எல்லாம் புடுங்கி எடும்’ என்றாரே, சுரைக்காய் காய்க்கிறது இல்லையா? ‘முத்த விடாதையும்’ என்றாரே, இது முற்றிக்கொண்டுதானே கிடக்கிறது? வெள்ளிக்கிழமை வரும்போது, அதைப் பிடுங்காமல் விட்டால் குகண்ணைக்குச் செய்யும் துரோகம் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். (இந்த மூளையை நான் கிடங்கில் பயன்படுத்தியிருந்தால் இன்று மனேஜர்.)

சனிக்கிழமை காலை இருட்டோடு, யாரும் வருவதற்கு முன் போய், பாண் வெட்டும் கத்தியால் காம்பை அறுத்தேன். கைக்குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் அணைத்துக் காருக்குக் கொண்டுபோய், பின் இருக்கையில் கிடத்தி, இருக்கைப் பட்டியும் போட்டேன்.

விழாவை நடத்துபவர் லூசியா என்ற போர்த்துக்கீசப் பெண்மணி. எழுபது வயதிருக்கும், ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். அவர் நீட்டிய படிவத்தில் ‘வளர்த்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஓர் எழுத்தும் கோணவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பத்து மணிக்கு வாணி மாமியோடு வந்தாள். மாமி மேசையோரமாக நடந்து வந்து சுரைக்காயின் முன்னால் நின்றார்.

“இது ஆற்ற?”

“என்ர, மாமி.”

மாமி அதன் வயிற்றைத் தடவினார். என்னைப் பார்த்தார். மறுபடி சுரைக்காயைப் பார்த்தார்.

“சுதன்... என்ர ராசா!”

அந்த நிமிடத்தின் இனிமையை நான் மறைக்க விரும்பவில்லை. பத்து வருடத் தாகம். வாணி மட்டும் என் காதருகே வந்து, “இது எங்கயிருந்தப்பா வந்தது?” என்று கேட்டாள்.

“தோட்டத்திலயிருந்துதான்,” என்றேன். (பொய் இல்லையே!)

நிறை பார்ப்பதற்காக இரண்டு பேர் சுரைக்காயைத் தூக்கினார்கள். தூக்கித் தராசில் வைக்கும்போது அது ஒரு புரள் புரண்டது. தோட்டத்தில் வைக்கோலைப் பார்த்துக் கிடந்த பக்கம் மேலே வந்தது. அதில் எழுத்து இருந்தது.

காய் பிஞ்சாக இருக்கும்போது யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள். காய் வளர வளர எழுத்தும் கூடவே வளர்ந்து, காயத் தழும்பு போலத் தடித்து, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவில் நின்றது. அழகான, உருண்டையான தமிழ் எழுத்து. குகண்ணையின் கையெழுத்து.

விதைக்கு. தொடாதேங்கோ.

“ஆகா, எவ்வளவு அழகு!” என்றார் லூசியா ஆங்கிலத்தில். “இது உங்கள் மொழியா? என்ன எழுதியிருக்கிறீர்கள்?”

சுற்றி ஐம்பது அறுபது பேர். தமிழ்க் குடும்பங்கள் நல்லவேளையாகப் பின்னால் தேநீர் மேசையருகே நின்றன. எல்லாக் கண்களும் என்மீது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லத்தான் ஆசை.

“என் மனைவிக்கு எழுதியது,” என்றேன். “‘அன்புள்ள வாணிக்கு, என்றென்றும் உன்னுடையவன்.’”

“ஓ...” என்று கூட்டம் முழுவதும் உருகியது. ஒரு மூதாட்டி தன் கணவரை முழங்கையால் இடித்தார். லூசியா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “உங்கள் மனைவி இங்கே இருக்கிறாரா? வாருங்கள், வந்து வாசியுங்கள்!”

வாணி வந்தாள். குனிந்து வாசித்தாள். நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது; ஆனால் பல்லில் மட்டும்.

“மிகவும் அழகாக எழுதியிருக்கிறார்,” என்று எல்லாருக்கும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னாள்: “வீட்ட வாங்கோ.”

கல்யாணமானவர்களுக்கு அந்த இரண்டு சொற்களை விளக்க வேண்டியதில்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மாமிக்கு ஒரு பழக்கம். எந்த எழுத்தைக் கண்டாலும் சத்தமாக வாசிப்பார். தெருப் பலகை, மருந்துப் போத்தல், முன்னால் போகும் பஸ், ஒன்றும் தப்பாது. மருமகன் தன் மகளுக்கு எழுதியதை விடுவாரா? கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். போட்டார். அதற்குள் எனக்கு மூன்று தடவை உயிர் போய் வந்தது.

“விதைக்கு... தொடாதேங்கோ,” என்று கணீரென்று வாசித்தார். பிறகு, “விதைக்கோ? ஆர் தொடக் கூடாதாம்?”

தேநீர் மேசைப் பக்கம் எழுந்த சிரிப்பில் மின்கம்பிகளில் இருந்த குருவிகள் பறந்தன. “அண்ணை, நல்ல காதல் கடிதம்!” என்று யாரோ கத்தினார்கள். தமிழ் தெரியாதவர்கள், இவர்கள் ஆனந்தத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். லூசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நீல நாடாவை என் சட்டையில் குத்தினார். “இப்போது நம் வழக்கப்படி,” என்று அறிவித்தார், “வென்ற காயை எல்லாருக்குமான சூப்பில் போடுகிறோம்!”

ஓரமாக ஒரு பெரிய அண்டாவில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. லூசியாவின் கையில் பெரிய கத்தி.

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்டட்டும், கொதிக்கட்டும், எழுத்தும் கரையட்டும். குகண்ணை வந்தால் கிரவுண்ட்ஹொக் தின்றுவிட்டது என்று சொல்லலாம். கத்தி சுரைக்காயின் கழுத்தில் இறங்கப்போன நேரத்தில் வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. குகண்ணையின் வான். என் மனச்சாட்சி அப்போதுதான் விழித்தது. அதற்கு முன்பே விழித்தது என்று எழுத எனக்கும் விருப்பம்தான்.

“வெட்டாதீர்கள்!” என்று கத்திக்கொண்டு பாய்ந்து சுரைக்காயின்மேல் குப்புற விழுந்தேன். “இது என்னுடையதல்ல. என் சகலனுடையது! அவர்தான் வளர்த்தார், அவர்தான் எழுதினார்!”

லூசியா என்னைப் பார்த்தார். வாணியைப் பார்த்தார். வழியில் வாங்கிய தேநீர்க் கோப்பைகளோடு சிரித்த முகமாக நடந்து வந்துகொண்டிருந்த குகண்ணையைப் பார்த்தார்.

“அந்த மனிதரா,” என்று மெதுவாகக் கேட்டார், “உங்கள் மனைவிக்கு இப்படி எழுதினார்?”

சகலன் என்ற உறவுக்கு ஆங்கிலத்தில் ஒரு நல்ல சொல் இல்லை. “என் மனைவியின் அக்காவின் கணவர்” என்று நீட்டிச் சொன்னேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. சற்று முன் கணவரை இடித்த மூதாட்டி இப்போது குகண்ணையைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார். கடைசியில், சுரைக்காயின்மேல் படுத்தபடியே, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன். விதைக்கு. தொடாதேங்கோ. நான் தொட்டுவிட்டேன். அந்த நாடாவைக் கழற்றுங்கள்.

குகண்ணை வந்து சேர்ந்தார். “என்ன தம்பி, ஏன் இதுக்கு மேல படுத்திருக்கிறீர்?”

மாமிதான் விளக்கினார். “உம்மட சுரக்காயைக் களவெடுத்து, அதில என்ர பிள்ளைக்குக் காதல் கடிதம் எழுதினதெண்டு வெள்ளைக்காரருக்குச் சொல்லிப்போட்டார்.”

குகண்ணை சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. என்னை எழுப்பிவிட்டு, சுரைக்காயைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். அறுத்த காம்பைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் வாடியதை நான் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

“ஆறு வருசம் தம்பி,” என்றார். “ஒவ்வொரு வருசமும் முதல் காய்க்கிறதை விதைக்கு விடுறனான். இஞ்சத்தைக் குளிர் வர முந்திக் காய்க்கிற இனமா வரட்டும் எண்டு. போன வருசத்து விதையெல்லாம் போட்டு முடிச்சிட்டன். இதுதான் மிச்சம்.”

நான் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தது அவருடைய காய்களை. அவற்றின் பின்னால் ஆறு வருடம் இருந்ததை எண்ணவே இல்லை. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை” என்றேன்.

“மூண்டு கிழமை முந்திப் பிறந்திட்டுது,” என்றார் அவர், பிரசவ ஆஸ்பத்திரி டொக்டரைப் போல. “சூடான இடத்தில வைச்சாச் சிலவேளை தப்பும்.”

“ஆற்ற வீட்டில வைக்கிறது?” என்று வாணி கேட்டாள்.

“புடுங்கினவற்ற வீட்டிலதான்!” என்றார் மாமி.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சுரைக்காய் எங்கள் வரவேற்பறையில், சூட்டுக்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில், மெத்தை போட்டுப் படுத்திருந்தது. கிழமைக்கொருமுறை புரட்டிவிட வேண்டியது என் வேலை. விருந்தினர் வந்தால் எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி வாணி திருப்பிவைப்பாள். மாமி வீட்டுக்கு வந்தால் என்னைத் தாண்டிப்போய் முதலில் அதைத் தடவிப் பார்ப்பார். “இண்டைக்கு எப்படி இருக்கிறார்?” என்று கேட்பார். ஜனவரியில் எனக்குக் கடுமையான காய்ச்சல். அப்போதும் மாமி கேட்டது சுரைக்காயைத்தான். ஆம், கடைசியில் ஒரு சுரைக்காயின்மீதே பொறாமைப்பட்டேன். கீழே இறங்குவதற்கு அதற்குப் பிறகு படி இல்லை.

ஏப்ரலில் குகண்ணை வந்து அதை அறுத்தார். பாதி விதை உள்ளே பருப்பில்லாத சப்பி. மீதியை ஈரத்துணியில் சுற்றி யன்னலோரம் வைத்தோம். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை துணியை விரித்துப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் நான்கு விதைகள் வெடித்து வெள்ளை முனை காட்டின. குகண்ணைக்குத் தொலைபேசியில் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. (வாணி அதையும் நடித்துக் காட்டுவாள்.) அவர் வந்து பார்த்தார். “ரெண்டு உமக்கு, ரெண்டு எனக்கு” என்றார். அவருடைய இரண்டு கொடிகளும் அந்த வருடம் பந்தலை முறிக்குமளவுக்குக் காய்த்தன. என்னுடையதில் மொத்தம் ஒரு காய். பொறாமை போய்விட்டதா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இதெல்லாம் குடும்பத்துக்குள் நின்றிருந்தால் பரவாயில்லை. லூசியாவுக்கு அந்த எழுத்து மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் குகண்ணையிடம் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி வாங்கி, தோட்டத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். அதைப் பார்த்து முதலில் ஒருவர் பூசணியில் கீறினார். பிறகு இன்னொருவர் வெள்ளரியில். இப்போது செப்டெம்பர் வந்தால் தோட்டம் முழுவதும், போர்த்துக்கீசர் துண்டிலும் சீனர் துண்டிலும், கொம்பு கோணி, கால் இடறி, தலைகீழாகக்கூடத் தமிழ் எழுத்துகள் காய்த்துக் கிடக்கின்றன. ‘விதைக்கு. தொடாதேங்கோ.’ புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் வியந்துபோய், இது எப்படி வந்தது என்று கேட்பார்கள். வாணி கையில் உள்ள கூடையைக் கீழே வைத்துவிட்டு, “இவர்தான் தொடக்கி வைச்சவர்” என்று ஆரம்பிப்பாள்.

போன சனிக்கிழமை, தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு சீனப் பெரியவர் என்னைக் கைகாட்டி அழைத்தார். தன் பூசணியில் எழுதியது சரியா என்று பார்க்கச் சொன்னார். ‘தொடாதேங்கோ’வில் ஒரு கால் விடுபட்டிருந்தது. ஆணியை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு மிகுந்த சந்தோஷம்.

“கட்டாயம் எழுத வேண்டுமாம்,” என்றார். “முன்னொரு காலத்தில் இங்கே ஒரு திருடன் இருந்தானாமே?”

“நானும் கேள்விப்பட்டிருக்கிறேன்,” என்றேன்.